வில்பர் ரைட்டும் முன்சுக்கானும்

வானில் விரையும் வாத்தினைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். அதன் நீண்ட கழுத்து இறக்கைகளுக்கு வெகு முன்னே நீண்டிருக்கும். உடலின் பெரும்பகுதி பின்னால் வரும். வாத்தினைப் பிரெஞ்சு மொழியில் கனார் என்பர். சிறிய இறக்கையை முன்னும் பெரிய இறக்கையைப் பின்னும் கொண்ட வானூர்திகளுக்கு அப்பெயரே வழங்கலாயிற்று. மனிதரைச் சுமந்து, தன் இயந்திரத்தின் ஆற்றலால் எழுந்து, ஓட்டுபவரின் கட்டுக்குள் நின்று பறந்த முதல் வானூர்தியும் அவ்வகையினதே. அதனைச் செய்தது பெரிய தொழிற்சாலை அன்று. மிதிவண்டிக் கடை நடத்திய அண்ணனும் தம்பியுமே அதனைச் செய்தனர். அண்ணன் பெயர் வில்பர் ரைட். தம்பி பெயர் ஆர்வில் ரைட்.

வில்பர் 1867-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்தார். தந்தை மில்டன் ரைட் கிறித்தவத் திருச்சபை ஒன்றின் ஆயர். தாய் சூசன், வண்டி செய்யும் தச்சரின் மகள். உளியும் சுத்தியலும் கையாள்வதில் கைதேர்ந்தவர். பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களை அவரே செய்து கொடுப்பார். உடைந்தவற்றைச் சீர்செய்வதும் அவரே. 1878-இல் தந்தை பயணம் முடிந்து திரும்புகையில் சிறு பொம்மை ஒன்றைக் கொண்டுவந்தார். தக்கை, மூங்கில், காகிதம் ஆகியவற்றால் ஆகி, முறுக்கிய ரப்பரின் விசையால் மேலெழும் பொம்மை அது. சிறுவர் இருவரும் அது உடையும்வரை அதனோடு விளையாடினர். உடைந்தபின் அதனைப் போன்ற பொம்மைகளைத் தாமே செய்து பார்த்தனர்.

பள்ளியில் சிறந்து விளங்கிய வில்பரை யேல் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பும் எண்ணம் குடும்பத்தில் இருந்தது. ஆனால் 1885-86 குளிர்காலத்தில், உறைந்த பனியின்மேல் ஆடிய விளையாட்டொன்றில் மட்டை அவர் முகத்தில் பட்டது. முன்பற்கள் பல போயின. உடல்நலம் குன்றியது, மனமும் சோர்ந்தது. கல்லூரிக் கனவைக் கைவிட்டு ஏறத்தாழ மூன்றாண்டுகள் அவர் வீட்டிலேயே தங்கினார். காசநோயால் வாடிய தாயை அருகிலிருந்து பேணியவாறே தந்தையின் நூலகத்திலிருந்த நூல்களைப் படித்தார். 1889-இல் தாய் மறைந்தார். பட்டம் பெறாத அவருடைய கல்வி உண்மையில் அந்த மூன்றாண்டுகளில்தான் நிகழ்ந்தது எனலாம்.

பின்னர் உடன்பிறந்தார் இருவரும் ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் அச்சுத்தொழில் நடத்தினர். 1892-இல் மிதிவண்டிக் கடை திறந்தனர். 1896 முதல் தாமே மிதிவண்டிகளைச் செய்து விற்றனர். சங்கிலி, பற்சக்கரம், ஆரக்கம்பி, மெல்லிய இரும்புக்குழாய் ஆகியவற்றோடு நாள்தோறும் பழகினர். நிறுத்தினால் விழுவதும் ஓட்டுபவரின் திறத்தால் விழாமல் ஓடுவதுமான வண்டி மிதிவண்டி. இவ்வுண்மையைக் கைகளால் அறிந்திருந்தவர்களுக்கு வானூர்தியையும் அவ்வாறே எண்ணத் தோன்றியதில் வியப்பில்லை.

1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் செருமனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. கிளைடர் என்னும் இயந்திரமில்லா வானூர்திகளில் பல நூறு முறை பறந்த ஓட்டோ லிலியென்தால் விழுந்து இறந்தார். அவரது கிளைடரின் மூக்கு மேல்நோக்கி எழுந்தது; வேகம் குறைந்தது; இறக்கைகள் தூக்கும் ஆற்றலை இழந்தன; கிளைடர் தரையில் மோதியது. வில்பர் அச்செய்தியை மறக்கவில்லை. 1899-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், பறத்தல் குறித்து வெளிவந்த நூல்களைக் கேட்டு வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்கு மடல் எழுதினார். வந்தவற்றைப் படித்தபின், மேலே எழுவதைவிட எழுந்தபின் வானூர்தியை அடக்கி ஆள்வதே கடினம் என்ற முடிவுக்கு வந்தார்.

பக்கவாட்டில் சாயாமல் காக்கும் வழி அவ்வாண்டே புலப்பட்டது. மிதிவண்டியின் உட்குழாய் வந்த நீண்ட அட்டைப்பெட்டியைக் கையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்த வில்பர், அதனைத் தம்மை அறியாமல் முறுக்கினார். ஒரு முனை மேலும் மறுமுனை கீழுமாகத் திரும்பின. இறக்கைகளையும் அவ்வாறு முறுக்கினால் ஒரு பக்கம் உயரும், மறுபக்கம் தாழும் அல்லவா? ஐந்தடி அகலமுள்ள இரட்டையடுக்குப் பட்டம் ஒன்று செய்து அதனைச் சோதித்தார்.

மூக்கை ஏற்றவும் இறக்கவும் வேண்டிய கருவியை அவர் இறக்கைகளுக்கு முன்னே வைத்தார். தட்டையான சிறு இறக்கை போன்ற அதனை அவர்கள் முன்சுக்கான் என்றே அழைத்தனர். பறவைகளுக்கு வால் பின்னால் இருக்கிறது. பிறர் செய்த கிளைடர்களிலும் அது பின்னாலேயே இருந்தது. வில்பர் முன்னே வைத்ததற்கு லிலியென்தாலின் முடிவே முதற்காரணம். மூக்கு குத்திக்கொண்டு விழும் ஆபத்தை முன்சுக்கான் தடுக்கும் என்று அவர் கருதினார். குப்புறப் படுத்து ஓட்டுபவர் அதன் அசைவைக் கண்ணால் காணலாம் என்பதும், விழ நேர்ந்தால் முதல் அடியை அது தாங்கும் என்பதும் கூடுதல் நன்மைகள்.

1900-ஆம் ஆண்டு செப்டம்பரில் வில்பர் வட கரோலினாவின் கடலோரச் சிற்றூரான கிட்டி ஹாக்கை அடைந்தார். ஓயாத காற்றும் விழுந்தால் அடிபடாத மணலும் அங்கே இருந்தன. சட்டத்திற்கு வேண்டிய நீளத்தில் மரம் கிடைக்காமையால் கிடைத்த நீளத்திற்கு ஏற்ப இறக்கையைக் குறைத்தார். அவ்வூர்க் குடும்பம் ஒன்றின் தையல் எந்திரத்தை இரவல் பெற்றுத் துணியைத் தாமே தைத்தார். பின்னர் ஆர்வில் வந்து சேர்ந்தார். ஒருநாள் காற்று கிளைடரைத் தூக்கி எறிந்து நொறுக்கியது. மூன்று நாள்கள் உழைத்து இருவரும் அதனைச் சரிசெய்தனர். அவர்கள் ஊர் திரும்பியபின், விட்டுச்சென்ற கிளைடரின் துணியில் அக்குடும்பத்துச் சிறுமியருக்குப் பாவாடை சட்டை தைக்கப்பட்டது.

1901-இல் செய்த கிளைடர் பெரியது. 22 அடி அகலம் கொண்டது. ஆனால் அது முன்னதைவிட மோசமாகப் பறந்தது. இறக்கையின் வளைவு மிகுதியாக இருந்ததே காரணம் என்று உணர்ந்து, மணல்வெளியிலேயே அதனைப் பிரித்து, புதிய கம்பிகள் கட்டி வளைவைக் குறைத்தனர். அப்போதுதான் முன்சுக்கான் தன் பயனைக் காட்டியது. ஒருமுறை கிளைடரின் மூக்கு உயர்ந்து வேகம் முற்றும் குறைந்தது. லிலியென்தால் இறந்த அதே நிலை! ஆனால் மூக்கு குத்தவில்லை. கிளைடர் விரித்த பாயைப் போலத் தட்டையாக இறங்கி மணலில் அமர்ந்தது. வில்பருக்குக் காயம் ஏதுமில்லை. மீண்டும் ஒருமுறை அவ்வாறே நிகழ்ந்தபோதும் அவர் தப்பினார். ஆனால் வேறொரு பறப்பில் கிளைடர் தரையில் முட்டியது. முன்னே எறியப்பட்ட வில்பர் முன்சுக்கானில் மோதினார். கண்ணும் மூக்கும் வீங்கின. காக்கும் பொருளே காயப்படுத்துவதும் உண்டு.

அவ்வாண்டு அவர் மனமுடைந்து திரும்பினார். தம் வாழ்நாளில் மனிதர் பறக்கப்போவதில்லை என்றே எண்ணினார். நூல்களில் கண்ட கணக்கின்படி இறக்கை செய்திருந்தும் கணக்கில் கண்ட தூக்குவிசை கிடைக்கவில்லை. எனவே கணக்கையே சோதிப்பதென்று இருவரும் துணிந்தனர். ஆறடி நீளமுள்ள மரப்பெட்டியின் ஒரு முனையில் விசிறி பொருத்திக் காற்றுச் சுரங்கம் அமைத்தனர். இரும்பறுக்கும் வாளின் அலகையும் மிதிவண்டியின் ஆரக்கம்பியையும் கொண்டு துலாக்கோல் செய்தனர். ஏறத்தாழ இருநூறு சிறு இறக்கை வடிவங்களைச் சோதித்தனர். நெடுங்காலமாக எல்லாரும் நம்பியிருந்த காற்றழுத்த எண் ஒன்று பிழையென்று தெரிந்தது. அம்முடிவுகளைக்கொண்டு 1902-இல் செய்த 32 அடிக் கிளைடர் நன்றாகப் பறந்தது. எனினும் திரும்பும்போது சில வேளை சுழன்று விழுந்தது. பின்னால் அசையாமல் நின்ற செங்குத்துத் தகட்டை அசையும்படி செய்யலாம் என்று ஒரு காலை ஆர்வில் கூறினார். வில்பர் உடனே ஒப்புக்கொண்டார். இறக்கையை முறுக்கும் கயிற்றோடே அதனையும் இணைத்துவிட்டால் ஓட்டுபவருக்கு வேலை மிகாது என்றும் சேர்த்துச் சொன்னார்.

அடுத்து இயந்திரம் வேண்டும். எடை குறைந்த இயந்திரத்தைச் செய்து தர நிறுவனம் எதுவும் முன்வரவில்லை. அவர்களது கடையின் பணியாளர் சார்லி டெய்லர் ஆறு வாரங்களில் 12 குதிரைத்திறன் கொண்ட இயந்திரத்தைச் செய்து முடித்தார். எட்டரை அடி நீளமுள்ள இரு சுழல்விசிறிகளை அண்ணனும் தம்பியும் மரத்தில் செதுக்கினர். இயந்திரத்தையும் சுழல்விசிறிகளையும் இணைத்தவை சங்கிலியும் பற்சக்கரமுமே.

1903-ஆம் ஆண்டின் இலையுதிர்காலம் முழுவதும் பழுதுபார்ப்பதிலேயே கழிந்தது. பற்சக்கரங்கள் அச்சில் நில்லாமல் தளர்ந்தன. மிதிவண்டியின் டயரை ஒட்டும் பசையைக் கொண்டு அவற்றை இறுக்கினர். சுழல்விசிறியின் குழாய் அச்சுகள் விரிசல் விட்டன. ஆர்வில் டேட்டனுக்குத் திரும்பிச் சென்று, துளையில்லாத எஃகுத் தண்டுகளைச் செய்து கொண்டுவந்தார். டிசம்பர் 14-ஆம் நாள் முதலில் பறப்பது யார் என்று காசு சுண்டிப் பார்த்தனர், வில்பர் வென்றார். ஆனால் முன்சுக்கானை அளவுக்கு மேல் உயர்த்திவிட்டார். வானூர்தி விருட்டென மேலெழுந்து, வேகம் இழந்து, மூன்றரை நொடியில் மணலில் விழுந்தது. உடைந்தது முன்சுக்கானின் பகுதி. சீர்செய்தபின் டிசம்பர் 17-ஆம் நாள் ஆர்வில் 12 நொடிகள் பறந்தார். கடந்த தொலைவு 120 அடி. அன்றைய நான்காம் பறப்பில் வில்பர் 59 நொடிகளில் 852 அடி பறந்தார். இறங்கியபோது மீண்டும் முன்சுக்கானின் சட்டம் உடைந்தது. சிறிது நேரத்தில் பெருங்காற்று வானூர்தியைப் புரட்டிப் போட்டது. அது பிறகு ஒருபோதும் பறக்கவில்லை.

உலகம் அவர்களது கதையை அந்த நாளோடு முடித்துவிடுகிறது. வில்பருக்கோ அது பாதி வழிதான். நேராகச் சிறிது தொலைவு செல்வது பறத்தல் ஆகாது. திரும்ப வேண்டும், புறப்பட்ட இடத்திற்கே வர வேண்டும். 1904-இல் டேட்டனை அடுத்த ஹஃப்மன் பிரெய்ரி என்னும் மேய்ச்சல் நிலத்தில் பணி தொடர்ந்தது. அங்கே மாடுகளையும் குதிரைகளையும் ஓட்டிய பின்னரே வானூர்தியை வெளியே எடுக்க வேண்டும்.

முன்சுக்கானின் குறை அங்கேதான் முழுதாக வெளிப்பட்டது. அது மூக்கு குத்தி விழாமல் காத்தது. ஆனால் வானூர்தியை நேர்கோட்டில் செல்லவிடவில்லை. சற்றே அசைத்தாலும் மூக்கு துள்ளியது. அடக்க முயன்றால் தரையை நோக்கிப் பாய்ந்தது. அலைமேல் செல்லும் படகைப்போல வானூர்தி ஏறி இறங்கியது. முன்பகுதியில் ஏறத்தாழ 32 கிலோ எடையுள்ள இரும்புக் கட்டிகளைக் கட்டிப் பார்த்தனர். துள்ளல் ஓரளவு குறைந்தது. 1904-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் வில்பர் முதன்முறையாக ஒரு முழுவட்டம் சுற்றி வந்தார். ஆயினும் நோய் தீரவில்லை. 1905-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் ஆர்வில் ஓட்டிய வானூர்தி மூக்கு குத்தி விழுந்து நொறுங்கியது. அவர் உயிர் தப்பியது நற்பேறு.

இனிச் சிறு ஒட்டுவேலை போதாது என்பது தெளிவாயிற்று. முன்சுக்கானின் பரப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கினர். இறக்கையிலிருந்து ஏழடித் தொலைவில் இருந்ததைப் பன்னிரண்டடி அளவுக்கு முன்னே தள்ளினர். வாத்தின் கழுத்து நீண்டது. தொலைவில் நிற்கும் பெரிய சுக்கான் மெல்ல வேலை செய்யும். ஓட்டுபவரின் கைக்குச் சிந்திக்க நேரம் கிடைக்கும். பின்சுக்கானையும் இறக்கைக் கயிற்றிலிருந்து பிரித்துத் தனிக் கைப்பிடி கொடுத்தனர். மூன்றாண்டுகளுக்கு முன் வில்பரே முன்மொழிந்த இணைப்பு அது. பயன்படாது என்று கண்டபோது அதனை நீக்க அவர் தயங்கவில்லை. அக்டோபர் 5-ஆம் நாள் வில்பர் அந்த மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிச் சுற்றி 39 நிமிடங்கள் பறந்தார். கடந்த தொலைவு ஏறத்தாழ 39 கிலோமீட்டர். எரிபொருள் தீர்ந்த பின்னரே இறங்கினார். பயன்படத்தக்க வானூர்தி உலகில் தோன்றியது அன்றுதான் என்பது மிகையாகாது.

காப்புரிமைக்காகவும் விற்பனைப் பேச்சுக்காகவும் இரண்டரை ஆண்டுகள் அவர்கள் பறக்கவே இல்லை. 1908-ஆம் ஆண்டு மே மாதத்தில், 1905-இன் வானூர்தியை இருவர் அமர்ந்து செல்லும்படி மாற்றி, கைப்பிடிகளையும் புதிதாக அமைத்துக் கிட்டி ஹாக்கில் பழகினர். பழைய பழக்கத்திற்கு அடிமையான கை புதிய கைப்பிடியைத் தவறாக அசைத்தது, வில்பர் விழுந்தார். ஒரு கருவியை மாற்றினால் கையின் பழக்கத்தையும் மாற்றவேண்டும் என்பதற்கு அவரே சான்றானார்.

அடுத்த மாதம் அவர் பிரான்சில் இருந்தார். லெ மான் நகரில் மரப்பெட்டிகளைத் திறந்தபோது உள்ளே இறக்கை விலாக்கள் முறிந்தும் துணி கிழிந்தும் கிடந்தன. தம்பி சரியாகக் கட்டி அனுப்பவில்லை என்று சினந்து மடல் எழுதினார். சுங்கத்துறையினர் பெட்டிகளைத் திறந்து மீண்டும் மூடியதால் விளைந்த சேதம் அது என்பது பின்னரே தெரிந்தது. துணைக்கு வந்தவர்களின் மொழி அவருக்குத் தெரியாது. அவர் மொழி அவர்களுக்குத் தெரியாது. ஏறத்தாழ எல்லாவற்றையும் தம் கையாலேயே சீர்செய்தார். ஒருநாள் இயந்திரத்தின் குழாய் பிடுங்கிக்கொண்டு கொதிநீர் அவர் கையைச் சுட்டது. ஆகஸ்டு 8-ஆம் நாள், பல வார உழைப்பிற்குப் பின், குதிரைப் பந்தயத் திடலில் இரண்டு நிமிடம்கூட நிறையாத பறப்பொன்றை நிகழ்த்தினார். அவர் இலகுவாகச் சாய்ந்து திரும்பியதைக் கண்ட பிரெஞ்சு வல்லுநர்கள் தாங்கள் எத்தனை பின்தங்கியுள்ளோம் என்பதை உணர்ந்தனர். வில்பர் மாளிகைகளில் தங்காமல் வானூர்தி நின்ற கொட்டகையிலேயே உறங்கினார். எத்தனை கூட்டம் காத்திருந்தாலும் ஒவ்வொரு கம்பியையும் பார்த்து மனம் நிறைந்தாலன்றி அவர் பறக்கமாட்டார்.

அந்தக் கண்டிப்பின் பொருளை உலகம் விரைவில் அறிந்தது. செப்டம்பர் 17-ஆம் நாள் அமெரிக்காவின் ஃபோர்ட் மையரில் ஆர்வில் ஓட்டிய வானூர்தியின் சுழல்விசிறி விரிசல் விட்டு, பின்சுக்கானைத் தாங்கிய கம்பியில் பட்டது. வானூர்தி விழுந்தது. உடன் சென்ற படை அதிகாரி தாமஸ் செல்ஃபிரிட்ஜ் இறந்தார்; ஆர்விலின் தொடையெலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன. கடல் கடந்து செய்தி வந்தபோது வில்பர் அன்றைய பறப்பை நிறுத்தினார். தாம் உடனிருந்திருந்தால் இது நேர்ந்திராது என்னும் எண்ணம் அவரை விடாது வருத்தியது. நான்கு நாள்களுக்குப் பின் மீண்டும் ஏறி ஒன்றரை மணி நேரம் பறந்தார். டிசம்பர் 31-ஆம் நாள் அவரது பறப்பு இரண்டு மணி நேரத்தையும் கடந்தது. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் சுதந்திரதேவி சிலையைச் சுற்றி வந்தபோது, நீரில் விழ நேர்ந்தால் மிதப்பதற்காக வானூர்தியின் அடியில் ஒரு சிறு படகைக் கட்டியிருந்தார்.

உடன்பிறந்தார் இருவரும் ஒன்றாகப் பறப்பதில்லை என்று தந்தைக்கு வாக்களித்திருந்தனர். ஒருவர் இறந்தால் மற்றவர் பணியைத் தொடரவேண்டும் அல்லவா? 1910-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் மட்டும் தந்தையின் இசைவோடு இருவரும் ஒரே வானூர்தியில் ஏறினர். அன்றே 81 வயதுத் தந்தையையும் ஆர்வில் வானில் அழைத்துச் சென்றார். முதியவருக்கு அச்சமில்லை, இன்னும் மேலே செல்லும்படி மகனைத் தூண்டினார்.

அவ்வாண்டில்தான் முன்சுக்கான் விடைபெற்றது. முதலில் பின்னால் ஒரு கிடைத்தகட்டைச் சேர்த்துப் பார்த்தனர். வானூர்தி அமைதியாகச் சென்றது. பின்னர் முன்னிருந்ததை அகற்றிவிட்டு, ஏற்றி இறக்கும் சுக்கானைப் பின்னுக்கே கொண்டுவந்தனர். வில்பரின் உயிரைக் காத்த உறுப்பு. அவர் மனத்திலிருந்து முதலில் பிறந்தவற்றுள் ஒன்று. ஆயினும் பின்னால் வைப்பதே மேல் என்று காற்று சொன்னபோது அவர் வாதாடவில்லை. அவ்வமைப்பு அழிந்துவிடவும் இல்லை. 1970-களில் பர்ட் ரூட்டான் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க கனார் வானூர்திகளை வடிவமைத்தார். அவற்றில் வேகம் குறைந்தால் முன்னிறக்கையே முதலில் தூக்குவிசையை இழக்கும். மூக்கு தானே சற்றுத் தாழ்ந்து வேகத்தை மீட்கும். வில்பர் நாடிய காப்பு அதுவே.

காப்புரிமை வழக்குகள் வில்பரின் கடைசி ஆண்டுகளை விழுங்கின. புதியன செய்யவேண்டிய நேரம் நீதிமன்றங்களில் கழிந்தது; அது வருந்தத்தக்க இழப்பு. 1912-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் டைபாய்டு காய்ச்சலால் அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 45.

1903-இன் வானூர்தி டேட்டனில் பெட்டிகளில் அடைபட்டுக் கிடந்தது. வில்பர் மறைந்த மறு ஆண்டு அந்நகரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. பெட்டிகள் நீரிலும் சேற்றிலும் அமிழ்ந்தன. 1916-இல் ஆர்வில் அதனை வெளியே எடுத்து, கெட்டுப்போன உறுப்புகளுக்கு மாற்று செய்து பொருத்தினார். 1927-இல் புதுத் துணி போர்த்தினார். 1948 முதல் அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில், வில்பர் மடல் எழுதி நூல்கள் கேட்ட அதே நிறுவனத்தில், வைக்கப்பட்டுள்ளது. ஓட்டுபவர் குப்புறப் படுக்கும் இடத்திற்கு முன்னே, அன்று இருமுறை உடைந்த முன்சுக்கான் நீண்டு நிற்கிறது.